அணையாத பிரேக் விளக்கு: பேட்டரியை மாற்றும் முன் மிதியைப் பாருங்கள்

இரவு பத்தரை மணிக்கு மாடி வீட்டுப் பையன் கதவைத் தட்டி, "அத்தை, உங்கள் கார் பின்னால் சிவப்பாக எரிந்துகொண்டே இருக்கிறது" என்றான். கார் சாவி என் கைப்பையில்தான் இருந்தது. போய்ப் பார்த்தால், காம்பவுண்டுச் சுவரில் இரண்டு சிவப்பு வட்டங்கள். போன வாரம் புது பேட்டரிக்குக் கொடுத்த பணம் வீண் என்பது அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது.

அப்பா 1996-இல் வாங்கிய கார்புரேட்டர் வண்டி அது. இப்போது திண்டுக்கல்லில் நான் வைத்து ஓட்டுகிறேன். ஒரு காலை ஸ்டார்ட் ஆகவில்லை. கடையில் பேட்டரியை மாற்றிக் கொடுத்தார்கள். பழையது ஏன் இறங்கியது என்று அவர்களும் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை. கணக்கு எளியதுதான். 21 வாட் பல்பு இரண்டு எரிந்தால் 42 வாட். 12 வோல்ட்டில் மூன்றரை ஆம்பியர். 35 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் பத்து மணி நேரத்தில் காலி. பெரும்பாலான கார்களில் பிரேக் விளக்குக்கு மின்சாரம் சாவி வழியாக வருவதில்லை, பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வழியாக நேரே வருகிறது. அதனால் சாவியை எடுத்தாலும் எரியும்.

பணம் போனதைவிட இன்னொன்றுதான் என்னைத் தூங்கவிடவில்லை. அந்த வாரம் முழுவதும் வத்தலக்குண்டு சாலையில் போய்வந்திருக்கிறேன். பின்னால் வந்த லாரிக்காரருக்கு நான் எப்போது பிரேக் பிடிக்கிறேன் என்று தெரிந்திருக்க வழியே இல்லை.

மறுநாள் நானே பார்த்தேன். நீங்களும் பார்க்கலாம். ஒரு டார்ச் போதும்.

வண்டியின் பின்பக்கம் சுவரை நோக்கி இருக்கட்டும். விளக்கு அணைந்ததா என்று ஒவ்வொரு தடவையும் இறங்கி ஓடாமல் கண்ணாடியிலேயே தெரியும். முதலில் பிரேக் மிதிக்கு அடியில் காலின் முன்பகுதியைக் கொடுத்து மேலே தூக்குங்கள். விளக்கு அணைந்தால் சுவிட்சில் குற்றமில்லை. மிதி முழுதாக மேலே வரவில்லை. தரைவிரிப்பு மடிந்து சிக்கியிருக்கலாம், மிதியை இழுக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், மிதி ஆடும் அச்சில் கிரீஸ் காய்ந்து துருப்பிடித்திருக்கலாம். பழைய வண்டிகளில் இந்த அச்சை யாரும் கவனிப்பதே இல்லை. சுத்தம் செய்து கிரீஸ் வைத்தும் மிதி சோம்பலாகத்தான் திரும்புகிறது என்றால் மிதியின் அழுத்தத்தைப் பிரேக் ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டர் பக்கம் கோளாறு இருக்கலாம். அது பிரேக் வேலை, மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.

தூக்கியும் அணையவில்லையா? ஓட்டுநர் இருக்கையை முழுதாகப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, தலையை மிதிக்குக் கீழே கொண்டுபோய், டார்ச் அடித்து மேலே பாருங்கள். மிதியின் கைக்கு, அதாவது மிதியைத் தாங்கும் இரும்புத் தண்டுக்கு, எதிரே இரண்டு வயர் செருகிய சிறிய சுவிட்ச் இருக்கும். இது ஹாரன் சுவிட்சுக்கு நேர்மாறானது. அமுங்கியிருக்கும்போது விளக்கு அணையும், விடுபட்டால் எரியும். காலை எடுத்ததும் மிதி மேலே வந்து சுவிட்சின் முனையை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும்.

என் வண்டியில் மிதி சரியாகத்தான் மேலே வந்திருந்தது. ஆனால் மிதியின் கையில், சுவிட்சின் முனை பட வேண்டிய இடத்தில் ஒரு ஓட்டை. முனை அந்த ஓட்டைக்குள் நுழைந்து சுகமாக நீட்டிக்கொண்டிருந்தது. தரைவிரிப்பைத் துழாவினால் கருப்பாக, மிளகைப் பாதியாக உடைத்தது போல நாலைந்து துணுக்குகள். விரலுக்கிடையில் வைத்து அழுத்தியதும் பொடிந்துவிட்டன. அந்த ஓட்டையில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு ரப்பர் இருந்திருக்கிறது. இருபத்தைந்து வருட வெயிலில் உலர்ந்து உதிர்ந்துவிட்டது. உங்கள் வண்டியில் அது பிளாஸ்டிக்காகவும் இருக்கலாம். விரிப்பில் இப்படித் துணுக்குகள் கிடைத்தால் பாதித் தேடல் முடிந்தது. விரிப்பை உதறும் முன் பாருங்கள்.

உதிரிபாகக் கடைக்குப் போகும்போது வண்டியின் மாடலோடு ஓட்டையின் விட்டத்தையும் அளந்துகொண்டு போங்கள். புது ரப்பர் உள்ளே போக மறுத்தால் இரண்டு நிமிடம் வெந்நீரில் போட்டு எடுங்கள், இளகிக்கொடுக்கும். கிடைக்கும்வரை ஓட்டையில் போல்ட்டும் நட்டும் மாட்டி ஓட்டலாம் என்று சொல்வார்கள். நான் செய்யவில்லை. நட்டு கழன்று மிதிக்கு அடியில் விழுந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு ஓட்டுவதும் கூடாது. பிரேக் விளக்கு அறவே இருக்காது. பல பழைய வண்டிகளில் ஹாரனும் அதே ஃப்யூஸில்தான். வண்டி நிற்கும் நேரத்தில் மட்டும் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி வைக்கலாம்.

ரப்பர் நன்றாக இருந்தும் விளக்கு எரிந்தால் முனையை விரலால் அழுத்துங்கள். அப்போது அணைந்தால் சுவிட்ச் தள்ளி நிற்கிறது என்று பொருள். அணையவில்லை என்றால் வயர் இணைப்பைக் கழற்றுங்கள். கழற்றியதும் அணைந்தால் சுவிட்சின் உள்ளே ஒட்டிக்கொண்டது, புதிதாக மாற்றுங்கள்.

தள்ளி நிற்கும் சுவிட்சைச் சரிசெய்யும்போதுதான் மிகவும் கவனம் வேண்டும். முதலில் வயர் இணைப்பைக் கழற்றுங்கள், இல்லையென்றால் வயர் முறுக்கிக்கொள்ளும். சுவிட்சை அசையாமல் பிடித்திருக்கும் லாக் நட்டைத் தளர்த்தி, சுவிட்சைக் கொஞ்சம் கொஞ்சமாக மிதியை நோக்கித் திருகி, இணைப்பைச் செருகிப் பாருங்கள். விளக்கு அணையும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். "இன்னும் கொஞ்சம் இருக்கட்டும்" என்று திருகினால் சுவிட்சே மிதியைக் கீழே தள்ளிப் பிடித்துக்கொள்ளும். விளக்கு அணைந்திருக்கும், ஆனால் பிரேக் மெல்லப் பிடித்தபடியே வண்டி ஓடும். விளக்கை அணைக்கப் போய் பிரேக்கைக் கெடுத்தவர்கள் உண்டு. திருகி முடித்ததும் மிதியைக் கையால் அழுத்துங்கள். தொடக்கத்தில் சில மில்லிமீட்டர் எதிர்ப்பே இல்லாமல் இறங்க வேண்டும். அதன்பின் ஐந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, நான்கு சக்கரங்களுக்கும் அருகே உள்ளங்கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஏதாவது ஒன்று அனல் அடித்தால் சுவிட்சைப் பின்னுக்குத் திருகுங்கள்.

இணைப்பைக் கழற்றிய பிறகும் எரிந்தால் மிதிப் பக்கத்தை விட்டுவிட்டுப் பின்விளக்குக்குப் போங்கள். இரவில் பின்னால் மங்கலாக எரியும் பார்க் விளக்கைப் போடும்போது மட்டும் பிரேக் விளக்கும் சேர்ந்து எரிகிறதா? அநேகமாகப் பல்புதான். பல கார்களில் பின்னால் இருப்பது இரட்டை இழை பல்பு, பிரேக்குக்கு 21 வாட்டும் பார்க்குக்கு 5 வாட்டும் ஒன்றாக. அந்த இடத்தில் ஒற்றை இழை பல்பை வலிந்து மாட்டினால் அது இரண்டு முனைகளையும் இணைத்துவிடும். மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பிப் போகும் எர்த் வயர் துருப்பிடித்தாலும் அது வேறு இழை வழியாகத் திரும்பும். எர்த் வயரின் முனையை உப்புத்தாளால் பளபளப்பாகத் தேய்த்து இறுக்குங்கள். பின்கண்ணாடியில் பிறகு சேர்த்த அலங்கார விளக்கு இருந்தால் அந்த ஒட்டு வயரையும் பாருங்கள்.

மிதியருகே சுவிட்சே இல்லாத பழைய வண்டிகளும் உண்டு. அவற்றில் பிரேக் ஆயில் குழாயில் சுவிட்ச் பொருத்தியிருப்பார்கள். ஆயிலின் அழுத்தத்தில் வேலை செய்யும். அதைக் கழற்றினால் குழாய்க்குள் காற்று புகும், பிறகு காற்றை வெளியேற்றியாக வேண்டும். பழக்கமில்லாதவர்கள் அதில் கை வைக்க வேண்டாம்.

நான் ரப்பர் இரண்டாக வாங்கினேன். ஒன்றை மாட்டிவிட்டு, மற்றதை ஒரு காகித உறையில் போட்டு, "பிரேக் மிதி ரப்பர்" என்று எழுதி, வண்டியின் ஆர்.சி. புத்தகத்தோடு வைத்திருக்கிறேன்.