கெக்ல இருந்து வெறும் நுரையா வந்த கதை
மெல்போர்ன்ல வீட்டு கராஜ்லதான் நான் பீர் காய்ச்சுறது. பாட்டில் கழுவி சலிச்சுப்போய் கெக் (பீரை மொத்தமா அடைச்சு வைக்கிற உலோகப் பீப்பாய்) வாங்கினேன், டேப்பைத் திறந்தா கிளாஸ்ல முக்கால்வாசி நுரை, அடியில ரெண்டு விரல் பீர். கேஸ் ஜாஸ்தின்னு நெனச்சு கேஸ் அழுத்தத்தை கூட்டிக் கொறைக்கிற ரெகுலேட்டரை 12 பிஎஸ்ஐல (அழுத்தத்தோட அளவு) இருந்து 5க்கு இறக்கினேன், அதுதான் தப்பு, அழுத்தம் கொறஞ்சா பீர்ல கரைஞ்சிருக்கிற கார்பன் டை ஆக்சைடு கெக்ல இருந்து டேப்புக்குப் போற ட்யூபுக்குள்ளயே பிரிஞ்சுடுது, குமிழ் குமிழா ஓடுறதை கண்ணாலயே பாத்தேன். கடைசில பாத்தா ட்யூப் வெறும் 1 மீட்டர், நீளம் பத்தாம பீர் வேகமா பாஞ்சு நுரைச்சிருக்கு. 5 மி.மீ. உள்விட்டத்துல 3 மீட்டர் மாட்டி, திரும்ப 12 வெச்சு, ஃப்ரிட்ஜை 4 டிகிரில ரெண்டு நாள் விட்டேன், சரியாயிடுச்சு. முதல் கிளாஸ் மட்டும் இன்னும் லேசா பொங்கும், டேப் வெளிய சூடா இருக்குல்ல.