ஆர்.எஃப். குவாங்கின் ‘பேபல்’ நாவலை எப்படி வாசிப்பது

பழமையான பல்கலைக்கழகம், கல் கட்டடங்கள், லத்தீனும் கிரேக்கமும் பயிலும் சிறு நண்பர் குழு, அந்தக் குழுவின் நடுவே ஒரு குற்றம் அல்லது ரகசியம் ஆகியவை கூடிய கதைகளை வாசகர்கள் ‘டார்க் அகடெமியா’ என்று அழைக்கிறார்கள். 1992-ல் வெளிவந்த டோனா டார்ட்டின் ‘தி சீக்ரெட் ஹிஸ்டரி’ இவ்வகைக்கு முன்னோடி என்று பரவலாகக் கருதப்படுகிறது. 2020-ல், கல்லூரிகள் மூடிக் கிடந்த பெருந்தொற்றுக் காலத்தில், இந்தப் பெயர் சமூக ஊடகங்களில் பெரிதாகப் பரவியது. 2022-ல் வெளிவந்து, அறிபுனைவு, மிகுபுனைவு எழுத்துகளுக்கு அமெரிக்காவில் வழங்கப்படும் நெபுலா விருதைச் சிறந்த நாவலுக்காகப் பெற்ற ‘பேபல்’, இந்த வகையின் எல்லாக் கவர்ச்சிகளையும் எடுத்துக்கொண்டு அவற்றுக்கான செலவை யார் கொடுத்தார்கள் என்று கேட்கிறது. முதல்முறை வாசிப்பவர்களுக்காக, கதையின் பெரிய திருப்பங்களைச் சொல்லாமல், சில வழிமுறைகளை இங்கே தருகிறேன்.

முதலாவதாக, மயங்குவதற்கு உங்களை அனுமதியுங்கள். இது காலனியத்தை எதிர்க்கும் நாவல் என்று முன்பே கேள்விப்பட்டவர்கள் முதல் பக்கத்திலிருந்தே ஆக்ஸ்ஃபோர்டைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். அப்படி வாசித்தால் நாவலின் பாதி பலம் போய்விடும். சீனாவின் கான்டன் நகரில் காலராவுக்குத் தாயைப் பறிகொடுத்த சிறுவன் ராபின், பேராசிரியர் லவல் என்பவரால் இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டு, ஆண்டுக்கணக்கில் மொழிகளில் பயிற்சி பெற்று, 1830-களின் ஆக்ஸ்ஃபோர்டில் கால் வைக்கும்போது, தான் சேர வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டதாகவே உணர்கிறான். அந்த உணர்வு உங்களுக்கும் வர வேண்டும். நாவலின் கற்பனை ஆக்ஸ்ஃபோர்டில் மொழிபெயர்ப்பு நிறுவனமாக இயங்கும் பேபல் கோபுரத்தின் எட்டு மாடிகளையும் அவனோடு நிதானமாக ஏறுங்கள். பின்னிரவு வரை நீளும் படிப்பையும் நண்பர்களின் வாக்குவாதங்களையும் அவசரப்படாமல் வாசியுங்கள். உண்மையான ஆக்ஸ்ஃபோர்டிலேயே இதற்கான சடங்குகள் நிறைய உண்டு. 1602-ல் திறக்கப்பட்ட போட்லியன் நூலகத்தில் சேருகிறவர்கள், நூலகத்துக்குள் நெருப்பைக் கொண்டுவரவோ மூட்டவோ மாட்டோம் என்று இன்றும் உறுதிமொழி எடுக்கிறார்கள். புத்தகத்துக்கு இவ்வளவு மரியாதை தரும் ஓர் ஊரை நேசிக்காமல் இருப்பது கடினம், அந்த நேசம் தவறும் அல்ல.

இரண்டாவதாக, கோபுரத்தில் உருவாகும் மாய வெள்ளிக்கட்டிகள் எப்படி வேலை செய்கின்றன என்பதைத் தொடக்கத்திலேயே நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். நாவலின் மற்ற எல்லாமே இதன்மேல்தான் நிற்கிறது. கட்டியின் ஒரு பக்கத்தில் ஒரு மொழியின் சொல்லையும் மறுபக்கத்தில் இன்னொரு மொழியில் அதற்கு இணையான சொல்லையும் பொறிக்கிறார்கள். மொழிபெயர்ப்பில் எந்தப் பொருள் நழுவிப் போகிறதோ, அதை வெள்ளி பிடித்து நிகழ்த்திக் காட்டுகிறது. முதல் அத்தியாயத்தில் சாகக் கிடக்கும் ராபினைக் காப்பாற்றும் கட்டியில் ‘ட்ரியாக்ல்’ என்ற பிரெஞ்சுச் சொல்லும் ‘ட்ரீக்கிள்’ என்ற ஆங்கிலச் சொல்லும் இருக்கின்றன. ஆங்கிலத்தில் அது இன்று வெறும் சர்க்கரைப் பாகு. பழைய பொருளோ நஞ்சுமுறி மருந்து. அந்த மறைந்த பொருள்தான் அவன் உடலில் வேலை செய்கிறது. இரண்டு மொழிகளிலும் சிந்திக்கக்கூடியவர் சொன்னால்தான் கட்டி செயல்படும் என்பதையும், ஐரோப்பிய மொழிகள் ஒன்றோடொன்று கலந்து போனதால் அவற்றின் ஆற்றல் குறைந்து வருகிறது என்பதையும் மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள். தூரத்து மொழிகளில் பிறந்த பிள்ளைகள் கோபுரத்துக்கு ஏன் தேவைப்படுகிறார்கள் என்பதற்கு இதுவே விடை. மாயாஜால விதியும் பேரரசின் பொருளாதாரமும் ஒரே பொறிமுறையாக இருப்பதுதான், என் மதிப்பீட்டில், இந்நாவலின் மிகப் பெரிய சாதனை.

மூன்றாவதாக, பென்சிலை அருகில் வைத்துக்கொண்டு, அழகான பகுதிகளுக்கு நடுவே வரும் சிறு காயங்களை அடிக்கோடிடுங்கள். ஆங்கிலேயர்கள் உச்சரிக்கக்கூடிய பெயர் வேண்டும் என்பதால் ராபின் தனக்கொரு பெயரைத் தேர்ந்தெடுக்கிறான். தாய் வைத்த பெயர் நாவலில் ஓரிடத்திலும் நமக்குச் சொல்லப்படுவதில்லை. கதைப்புத்தகத்தில் மூழ்கி ஒரு பாடத்தைத் தவறவிட்டதற்காக லவல் அந்தச் சிறுவனைக் கணப்படுப்புக் கம்பியால் அடிக்கிறார், பிறகு எதுவுமே நடக்காதது போல வீடு இயங்குகிறது. கோபுரத்தில் சேரும் மாணவர்களிடமிருந்து கதவின் காவலுக்காக ரத்தம் எடுக்கப்பட்டுக் குப்பியில் வைக்கப்படுகிறது. முதல் வாசிப்பில் இவையெல்லாம் ஆக்ஸ்ஃபோர்டின் ஒளியில் மறந்து போகும், ராபினும் மறக்கத்தான் பார்க்கிறான். பாதி நாவலைக் கடந்ததும் உங்கள் அடிக்கோடுகளை மட்டும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.

அடிக்குறிப்புகளைத் தாண்டிச் செல்லாதீர்கள். சில இடங்களில் அவை வாசகருக்கு ஏற்கெனவே புரிந்ததை மீண்டும் விளக்குகின்றன என்பது உண்மைதான். ஆனாலும் கதை நாகரிகம் கருதிப் பேசாமல் விடும் உண்மைகளை அவைதான் நேராகச் சொல்கின்றன.

நான்காவதாக, மூன்றாம் பாகத்தில் கதை கான்டனுக்குத் திரும்புவதற்கு முன், முதலாம் அபினிப் போரைப் பற்றிச் சிறிதளவாவது படித்துவிடுங்கள். சீனத் தேயிலைக்கு விலையாக வெள்ளியைக் கொடுத்துக்கொண்டிருந்த பிரிட்டன், கிழக்கிந்தியக் கம்பெனி இந்தியாவில் விளைவித்த அபினியைச் சீனாவுக்குள் புகுத்தியதன் மூலம் அந்த வெள்ளியின் ஓட்டத்தைத் திருப்பியது. பாட்னாவிலும் காசிப்பூரிலும் கம்பெனியின் ஆலைகள் இருந்தன. பீகார் விவசாயிகள் முன்பணத்தில் கட்டுண்டு கசகசாச் செடி பயிரிட்டார்கள். 1839-ல் சீன அதிகாரி லின் சேஷூ இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட அபினிப் பெட்டிகளைக் கைப்பற்றி அழித்தது போருக்கு உடனடிக் காரணமாயிற்று. 1840 ஏப்ரலில் அரசின் சீனக் கொள்கையைக் கண்டித்து எதிர்க்கட்சி கொண்டுவந்த தீர்மானம் நாடாளுமன்றத்தில் 262-க்கு 271 என்ற கணக்கில், ஒன்பது வாக்குகளில்தான் தோற்றது. இந்த எண்ணை அறிந்தவருக்கு, அந்த மாணவர்கள் போரைத் தடுத்துவிடலாம் என்று நம்புவது வெறும் இளமைக் கனவாகத் தோன்றாது.

நால்வர் நட்பை வாசிக்கும்போது யாருக்கு எந்தக் கதவு எதனால் திறந்தது என்று கவனியுங்கள். நிஜ ஆக்ஸ்ஃபோர்டில் 1854 வரை இங்கிலாந்துத் திருச்சபையின் கோட்பாடுகளை ஏற்பதாகக் கையெழுத்திட்டால்தான் மாணவராகச் சேர முடியும். பெண்களுக்கு 1920-ல்தான் பட்டம் கிடைத்தது. நாவலின் பேபலோ கல்கத்தாவைச் சேர்ந்த முஸ்லிம் இளைஞன் ராமியையும், ஹைட்டியில் பிறந்த விக்டுவாரையும், ஆங்கிலேயக் கடற்படைத் தளபதியின் மகள் லெட்டியையும் சேர்த்துக்கொள்கிறது, ஏனெனில் திறமை அதற்குத் தேவை. லெட்டியைத் தொடக்கத்திலிருந்தே வெறுத்துவிடாதீர்கள். அவள் அழுவதும் அன்பு காட்டுவதும் உண்மையானவை. நண்பர்கள் சொல்லும் அவமானங்களை அவளால் ஏன் கேட்க முடியவில்லை என்று ஒவ்வொரு உரையாடலிலும் பாருங்கள். மற்ற மூவரும் அவளிடம் எதைச் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள் என்பதும் அதே அளவு முக்கியம்.

கடைசி இரு பாகங்களுக்கு ஒரு விடுமுறை நாளை ஒதுக்குங்கள். துண்டு துண்டாக வாசித்தால் அவற்றின் இறுக்கம் தளர்ந்துவிடும். அங்கே வாதம் பாத்திரங்களைச் சற்று முந்திக்கொண்டு ஓடுகிறது என்ற விமர்சனத்தில் எனக்கும் உடன்பாடு உண்டு, ஆனால் அந்த வேகத்தை நாவல் அதற்கு முன் பொறுமையாகச் சம்பாதித்திருக்கிறது. முழுத் தலைப்பில் ‘வன்முறையின் அவசியம்’ என்ற சொற்களும் இருப்பதால், ஆசிரியரின் விடை முன்பே தெரிந்துவிட்டதாக எண்ண வேண்டாம். ராபின், ஆக்ஸ்ஃபோர்டில் அவன் சந்திக்கும் கிரிஃபின், விக்டுவார் மூவரும் அந்த அவசியத்தை ஒரே பொருளில் எடுத்துக்கொள்வதில்லை. கடைசி அத்தியாயம் யாருடைய பார்வையில் அமைந்திருக்கிறது என்பதை வைத்து, நாவல் அவர்களில் யார் பக்கம் சாய்கிறது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.