நாய் வாங்கும் முன் இரண்டு வாரம் வெறுங்கையோடு நடங்கள்

வண்ணாரப்பேட்டை ஒண்டுக்குடித்தனத்துக்கு ஹஸ்கி வாங்கலாமா என்று தங்கை கேட்டாள். சைபீரியாவில் பனிச்சறுக்கு வண்டி இழுத்த இனம் அது. உடம்பில் இரட்டை அடுக்கு ரோமம். நம் மே மாதப் புழுக்கத்தில் பாவம், தவித்துப்போகும். நம்மூர் வேட்டை நாயான சிப்பிப்பாறை வெயிலைத் தாங்கும்தான். ஆனால் முயல் விரட்டிய சாதி. நாளெல்லாம் கட்டிப்போட்டால் வாசலில் ஒரு செருப்பு மிஞ்சாது.

அதனால் ஒரு சோதனை சொன்னேன். நாய் இல்லாமலே இரண்டு வாரம், காலை 5:30 மணிக்கு எழுந்து 45 நிமிடம், இரவில் இன்னொரு 45 நிமிடம் நடக்க வேண்டும். தண்ணீர் லாரி வரும் நாளிலும், மழையில் சந்து முழுக்கக் கணுக்கால் தண்ணீர் நிற்கும் நாளிலும். நான்காம் நாளே "நாளைக்குப் பார்க்கலாம் அண்ணா" என்றாள். சரி, விடை கிடைத்துவிட்டது!

நீங்கள் தேறிவிட்டால், வெயில் நேரத்தில் கூட்டிப்போகும் முன் புறங்கையைத் தார்ச்சாலையில் 7 விநாடி வையுங்கள். உங்களுக்குச் சுட்டால் அதன் பாதத்துக்கும் சுடும். அப்புறம் வீட்டுக்காரரிடமும் பக்கத்துக் குடித்தனத்திடமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்; ஹஸ்கி குரைப்பதைவிட ஊளையிடுவதே அதிகம். மாநகராட்சி உரிமம், வெறிநோய்த் தடுப்பூசி இரண்டும் எந்த நாய்க்கும் வேண்டும்.