மாதிரிக் குதிரையை உயிர்ப்புடன் படமெடுப்பது எப்படி?

அமெரிக்காவின் பிரேயர் நிறுவனம் 1:9 அளவில், அதாவது உண்மைக் குதிரையின் ஒன்பதில் ஒரு பங்காக, வார்க்கும் மாதிரிக் குதிரைகள் ஏறத்தாழ ஓரடி நீளமே கொண்டவை என்பதால், நின்றபடி மேலிருந்து எடுத்தால் அவை பொம்மைகளாகவே தெரியும். கேமராவைத் தரையோடு தாழ்த்தி, லென்ஸைக் குதிரையின் மார்பு உயரத்தில் நிறுத்துங்கள். விலையுயர்ந்த கேமராவைவிட இதுவே முக்கியம் என்பது என் கருத்து. மிக நெருங்கினால் முகம் பெருத்துப் பின்னங்கால்கள் சிறுத்துவிடும் என்பதால், விலகி நின்று ஜூம் செய்யுங்கள். மூக்கு முதல் வால் வரை தெளிவாக விழ, லென்ஸின் துளையை எஃப்/11 அளவுக்குச் சுருக்கி, முக்காலியில் பொருத்தி, டைமரில் எடுக்க வேண்டும். காலடியில் ஒரு சரளைக்கல் கிடந்தாலே உண்மையான அளவு வெளிப்பட்டுவிடும். சலித்த மணலையே பரப்புங்கள். காலை, மாலைச் சாய்வெயில் தசைகளின் மேடுபள்ளங்களை நன்கு காட்டும். உச்சிவெயிலில் நெடுநேரம் விடாதீர்கள்: செல்லுலோஸ் அசிடேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆன கால்கள் சூட்டில் கோணிவிடக்கூடும்.