புதிய நாட்டில் தளம் தொடங்குமுன் டேட்டா கணக்குப் போடுவது எப்படி?

செய்தித் தளங்களுக்கும் சின்னச் சின்ன விற்பனைத் தளங்களுக்கும் சர்வர் பார்த்துக்கொள்வது என் வேலை. புதிதாக ஒரு நாட்டுக்குத் தளம் செய்ய வேண்டும் என்று யாராவது வந்தால், வடிவமைப்பைப் பற்றி நான் முதலில் பேசுவதில்லை. அங்கே ஒரு ஜிபி என்ன விலை, யார் கட்டுகிறார்கள், அந்தக் காசு எங்கே போகிறது என்றுதான் கேட்பேன். உள்ளூர்த் தளம் பிழைக்குமா மாட்டாதா என்பதில் ஆட்களின் திறமையைவிட இந்தக் கணக்குக்குத்தான் பங்கு அதிகம் என்பது என் கட்சி.

விலையை டாலரில் பார்க்காதீர்கள். வருமானத்தில் எத்தனை பங்கு என்று பாருங்கள். வளரும் நாடுகளில் அடிப்படை இணைய இணைப்பின் செலவு மாதத் தலா வருமானத்தில் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, 2025க்குள் அந்த நிலை வர வேண்டும் என்று ஐ.நா. பிராட்பேண்ட் ஆணையம் 2018இல் இலக்கு வைத்தது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் நாடுவாரியாகக் கட்டண விவரங்களை வெளியிடுகிறது. தொடங்குவதற்கு அது போதும். ஆனால் அது சராசரிக் கணக்கு. உங்கள் வாசகர் மாத பேக் போடுபவரா, கையில் காசு இருக்கும் அன்றைக்கு மட்டும் ஒருநாள் பேக் போடுபவரா? சின்ன பேக்கில் ஒவ்வொரு எம்பியும் பெரும்பாலும் விலை கூடுதலாக இருக்கும். நீங்கள் கணக்கில் வைக்க வேண்டியது அந்த விலையை.

அடுத்து, உங்கள் பக்கத்தை எடை போடுங்கள். உலாவியில் டெவலப்பர் கருவியைத் திறந்து, கேஷை (முன்பே இறக்கிச் சேமித்து வைத்த நகலை) அணைத்துவிட்டு, பக்கத்தை மறுபடி ஏற்றினால் எத்தனை எம்பி இறங்கியது என்று கீழே காட்டும். 3 எம்பி என்று வைத்துக்கொள்வோம். வாசகர் நாளுக்கு 10 பக்கம் பார்த்தால் மாதம் 900 எம்பி. ஒரு ஜிபி மாத வருமானத்தில் 2 சதவீதம் என்றால், ஐ.நா. சொன்ன மொத்த ஒதுக்கீட்டையும் கிட்டத்தட்ட உங்கள் ஒரு தளமே சாப்பிட்டுவிடும். அதே பக்கம் 300 கேபியாக இருந்தால் மாதம் 90 எம்பிதான்.

இதை வருமானப் பக்கமிருந்தும் பாருங்கள், அப்போதுதான் உறைக்கும். ஒரு ஜிபி ஒரு டாலர் என்று வையுங்கள். 3 எம்பி பக்கத்தை ஆயிரம் முறை திறந்தால் வாசகர்கள் டேட்டாவுக்கு மொத்தம் 3 டாலர் கட்டுகிறார்கள். ஏழை நாடுகளில் ஆயிரம் பார்வைக்கு விளம்பரத்தில் 3 டாலர் வந்து நான் பார்த்ததில்லை. அதாவது நீங்கள் எழுதிய செய்தியால் உங்களைவிட மொபைல் நிறுவனம் அதிகம் சம்பாதிக்கிறது. வருமானம் போதவில்லை என்று இன்னும் இரண்டு வீடியோ விளம்பரம் சேர்ப்பார்கள்; பக்கம் கனக்கும், வாசகர் குறைவார். இந்தச் சுழலில் சிக்கிய தளங்களைச் சந்தா கேட்டும் காப்பாற்ற முடியாது. வாசகர் ஏற்கெனவே ஒரு சந்தா கட்டிக்கொண்டுதானே இருக்கிறார், டேட்டா என்ற பெயரில்?

சரி, எடையைக் குறைப்பது கஷ்டமா என்றால், எழுத்தால் கனம் வருவதே இல்லை. எழுத்தைக் கணினியில் சேமிக்கும் முறையான யுடிஎஃப்-8இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கும், ஆங்கில எழுத்துக்கு 1 பைட் போதும். அப்படியிருந்தும் ஆயிரம் சொல் கட்டுரை சுமார் 25 கேபிதான்; ஜிஜிப் என்ற சுருக்கும் முறையைப் போட்டால் அதுவும் பல மடங்கு சுருங்கும். கனமெல்லாம் படம், எழுத்துருக் கோப்பு, விளம்பர ஸ்கிரிப்ட், தானாக ஓடும் வீடியோ. எழுத்துருவுக்குப் போனில் இருப்பதையே பயன்படுத்துங்கள். படத்தை வெப்பி என்ற எடை குறைந்த வடிவத்துக்கு மாற்றுங்கள். தானாக ஓடும் வீடியோவை எடுத்துவிடுங்கள். அதைக் கேட்ட வாசகரை நான் இன்னும் பார்க்கவில்லை.

இதுவரை பார்த்தது வாசகரின் செலவு. தொழிலை உண்மையில் ஆட்டிப்படைப்பது இதற்குப் பின்னால் இருக்கும் ஐஎஸ்பியின், அதாவது இணைய இணைப்பு தரும் நிறுவனத்தின், செலவு. நாட்டுக்கு வெளியே இருந்து வரும் பைட்டுகளுக்குப் பெரும்பாலும் ஐஎஸ்பி டிரான்சிட் வாங்க வேண்டும், அதாவது அவற்றைச் சுமந்து வரப் பெரிய நெட்வொர்க் ஒன்றுக்குக் காசு கட்ட வேண்டும். உள்ளூரில் இரண்டு ஐஎஸ்பிகள் நேரடியாக இணைந்துகொள்ளாவிட்டால், பக்கத்துத் தெருவில் இருக்கும் சர்வருக்கான பாக்கெட்டும் (தரவுத் துண்டும்) கடல் தாண்டிப் போய்த் திரும்பலாம். தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் கதை, அதுவும் டாலர் கட்டி.

இதைக் கண்டுபிடிக்க, பாக்கெட் போகும் வழியையும் ஆகும் நேரத்தையும் காட்டும் டிரேஸ்ரூட் கருவி போதும். அலுவலக இணைப்பிலிருந்து ஓட்டாதீர்கள். வாசகர்கள் பயன்படுத்தும் இரண்டு மூன்று மொபைல் நிறுவனங்களின் சிம்மிலிருந்து ஓட்டுங்கள். ஃபைபரில் 1000 கிலோமீட்டர் போய்வர ஒளிக்கு சுமார் 10 மில்லிசெகண்ட் ஆகும். அதே ஊரில் இருக்கும் சர்வர் 200 மில்லிசெகண்ட் காட்டினால், பாக்கெட் எங்கோ வெளிநாடு போய் வருகிறதோ என்று சந்தேகப்படலாம்.

இதற்கு மருந்து இன்டர்நெட் எக்ஸ்சேஞ்ச். எல்லா ஐஎஸ்பிகளும் ஒரே இடத்தில் கேபிள் செருகி உள்ளூர் டிராஃபிக்கை அங்கேயே மாற்றிக்கொள்வார்கள். கேட்க எளிது. கென்யாவில் 2000ஆம் ஆண்டு இறுதியில் அப்படி ஒன்று தொடங்கியபோது, சர்வதேச இணைப்பில் ஏகபோக உரிமை வைத்திருந்த நிறுவனம் புகார் கொடுத்தது; ஒழுங்குமுறை ஆணையம் அதை மூடச் சொல்லிவிட்டது. 2002இல்தான் மறுபடி திறந்தார்கள். பிற்பாடு நடந்தது பெரிய மாற்றம்: உள்நாட்டிலேயே பரிமாறப்பட்ட டிராஃபிக் 2012இல் சுமார் 30 சதவீதம், 2020இல் சுமார் 70 சதவீதம். ஆகவே எக்ஸ்சேஞ்ச் இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள். பெரிய மொபைல் நிறுவனம் அதில் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். அது சேராத எக்ஸ்சேஞ்ச் உங்களுக்குப் பெரிதாக உதவாது.

அந்த 70 சதவீதம் முழுக்க உள்ளூர்த் தளங்கள் என்றும் நினைத்துவிடக் கூடாது. அதில் பெரும் பகுதி கூகுள், நெட்ஃபிளிக்ஸ் போன்றவர்கள் நாட்டுக்குள் கொண்டுவந்து வைத்த, நகல் வைத்துத் தரும் கேஷ் சர்வர்களில் இருந்து வருவது. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் வேடிக்கையாகப் படுவது இதுதான். வெளிநாட்டு வீடியோ பக்கத்துக் கட்டடத்தில் இருந்து மலிவாக வருகிறது. உள்ளூர்ச் செய்தித் தளமோ மலிவு ஹோஸ்டிங் தேடி அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ குந்தியிருக்கிறது. அதை வாசகரிடம் கொண்டுவர ஐஎஸ்பி டிரான்சிட் காசு கட்டுகிறது. ருவாண்டாவை வைத்து இன்டர்நெட் சொசைட்டி என்ற லாப நோக்கற்ற அமைப்பு 2015இல் இதை அலசியது: வெளிநாட்டில் ஹோஸ்ட் செய்வதால் தளக்காரருக்கு மிச்சமாவது சின்னத் தொகை, அதற்காக ஐஎஸ்பிகள் சுமக்கும் டிரான்சிட் செலவு அதைப்போல் பல மடங்கு. தளக்காரர் மேல் தப்பில்லை. அவர் பில்லில் அந்தச் செலவு வருவதே இல்லை. உள்ளூர் ஹோஸ்டிங்குக்கு ஆள் வராததால் அது விலை குறையாது, விலை குறையாததால் ஆள் வராது.

அதனால் உள்ளூர் ஹோஸ்டிங் விலை மட்டும் கேட்டுவிட்டு ஓடாதீர்கள். எக்ஸ்சேஞ்ச் வழியாகப் போகும் டிராஃபிக்குக்குத் தனி விலை உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால், அந்த நாட்டுக்குள் கேஷ் வைத்திருக்கும் சிடிஎன் (தளத்தின் நகலைப் பல இடங்களில் வைத்துத் தரும் சேவை) ஒன்றைத் தளத்துக்கு முன்னால் வைத்து, மூல சர்வரை வெளியிலேயே விடுங்கள். சின்னத் தளத்துக்கு இன்றைக்கும் இதுதான் நடைமுறை வழி.

கடைசியாகச் சட்டத்தையும் வரியையும் பாருங்கள். இந்தியாவில் தளத்துக்குத் தளம் வெவ்வேறு டேட்டா கட்டணம் வைப்பதைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016 பிப்ரவரியில் தடை செய்தது. இப்படித் தடை இல்லாத நாட்டில் பெரிய சமூக வலைத்தளம் இலவச பேக்கில் வரும், உங்கள் தளம் காசுக்கு வரும். அங்கே தனித் தளத்தைவிட அந்த வலைத்தளத்துக்குள் கடை போடுவதே பிழைக்கும் வழியாக இருக்கலாம். உகாண்டா 2018 ஜூலையில் சமூக வலைத்தளங்களுக்கு நாளுக்கு 200 ஷில்லிங் வரி போட்டது. 2021இல் அதை எடுத்துவிட்டு டேட்டாவுக்கே 12 சதவீத வரி போட்டது. வரி மாறினால் மேலே போட்ட கணக்கு எல்லாவற்றையும் மறுபடி போட வேண்டும். தென்கொரியாவில் வேகத்துக்குக் குறையே இல்லை. இருந்தும் அங்கே நெட்வொர்க் கட்டணம் மற்றப் பெரும்பாலான நாடுகளைவிட 10 மடங்கு என்று சொல்லி, நேரலை வீடியோத் தளமான ட்விட்ச் 2024 பிப்ரவரியில் கடையை மூடியது. அந்த இடத்தைப் பிடிக்க வந்தவை உள்ளூர்த் தளங்கள். உங்கள் திட்டம் வீடியோ என்றால், டிராஃபிக் அனுப்புபவரும் கட்டணம் கட்ட வேண்டுமா என்ற விதியைத் தேடிப் படித்துவிட்டு, அப்புறம் ஹோஸ்டிங் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள். முதல் ஒப்பந்தம் ஒரு வருடத்துக்குமேல் வேண்டாம். புது கடலடி கேபிளோ புது மொபைல் நிறுவனமோ வந்தால் விலை சட்டென்று இறங்கிவிடும்; பழைய விலையில் நீங்கள் மாட்டிக்கொண்டிருப்பீர்கள்.