தைலம் காய்ச்சும் முன் உதிர்ந்த முடியைப் பாருங்கள்

எங்கள் குடும்பத்தில் யாருக்கு முடி கொட்டினாலும் கேள்வி என்னிடம்தான் வரும். பல வருடங்களாக வீட்டிலேயே தைலம் காய்ச்சுவதால் வந்த பெயர் அது. எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "எந்த மூலிகை போடலாம்?" பதில் சொல்வதற்கு முன், சீப்பில் வந்த முடியைக் கொண்டுவரச் சொல்வேன். எப்படி உதிர்ந்த முடி என்று தெரியாமல் மூலிகை பெயரைச் சொல்லக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

உதிர்ந்த முடியை நல்ல வெளிச்சத்தில் வெள்ளைத் தாள் மேல் பரப்பிப் பாருங்கள். ஒரு முனையில் பொடியாக வெள்ளைக் குமிழ் இருந்தால் அது வேரோடு வந்தது. குமிழே இல்லாமல், குட்டையும் நெட்டையுமாகக் கிடந்தால் நடுவில் முறிந்தது. முறிவை மூலிகையால் நன்றாகவே குறைக்கலாம். வேரோடு வருவதற்கான காரணம் பெரும்பாலும் உடம்புக்குள் இருக்கிறது. அங்கே எண்ணெய் துணைக்கு நிற்குமே தவிர, முழு வேலையையும் செய்துவிடாது.

ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது எல்லோருக்கும் நடப்பதுதான். ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். தலைக்குக் குளித்த மறுநாள், ஐம்பது அறுபது முடி உள்ள ஒரு சிறு கற்றையை விரலிடுக்கில் பிடித்து வேரிலிருந்து நுனிவரை மெல்ல இழுத்துப் பாருங்கள். உச்சி, பின்தலை, இரு பக்கம் என்று நாலைந்து இடத்தில் செய்யுங்கள். ஒவ்வொரு தடவையும் ஐந்தாறுக்கு மேல் கையோடு வந்தால், உதிர்வு நிஜமாகவே கூடியிருக்கிறது.

அடுத்து, எந்த வகை உதிர்வு என்று பார்க்க வேண்டும்.

என் தங்கைக்குப் பிரசவம் ஆகி மூன்றாம் மாதம் கொத்துக் கொத்தாகக் கொட்டியது. தலையே காலியாகிவிடும் என்று அவள் பயந்துவிட்டாள். கடும் காய்ச்சல், அறுவை சிகிச்சை, பிரசவம், திடீரென்று எடையைக் குறைப்பது, இதில் எது நடந்தாலும் வளர்ந்துகொண்டிருக்கும் முடிகளில் கணிசமான பகுதி ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடும். ஓய்வுக்குப் போன முடி இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் விழும். அதனால்தான் காரணமும் விளைவும் யாருக்கும் சட்டென்று இணைந்து தெரிவதில்லை. காரணம் விலகிவிட்டால் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் இது தானாக அடங்கும். அந்த இடைவெளியில் எதைத் தடவினாலும் பெயர் அதற்குப் போய்விடும். "இந்த எண்ணெய் போட்டேன், நின்றுவிட்டது" என்று கேள்விப்படும் கதைகளில் நிறைய இந்த ரகம்தான். தங்கைக்கு நான் வெறும் தேங்காய் எண்ணெய் மட்டும் கொடுத்தேன், பொறுமையாக இருக்கச் சொன்னேன்.

அண்ணன் விஷயம் வேறு. உச்சியில் மெலிந்து, நெற்றி இரண்டு பக்கமும் உள்ளே ஏறியது. இது பரம்பரையாக வருவது. டிஎச்டி என்ற ஹார்மோனால் முடியின் வேர்ப்பை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி, முடி இழை இழையாக மெலிந்துகொண்டே போகும். பெண்களுக்கும் இது வரும். அவர்களுக்கு நெற்றி அப்படியே இருந்து வகிடு அகலமாகும். இதற்கு மூலிகைகளில் நான் நம்பி எடுக்கும் ஒரே பெயர் ரோஸ்மேரி. 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இந்த வகை உதிர்வு உள்ள 100 பேரைப் பிரித்து, பாதிப் பேருக்கு ரோஸ்மேரி எண்ணெயும் மீதிப் பேருக்கு மினாக்ஸிடில் என்ற முடி வளர்ச்சி மருந்தை 2 சதவீத அளவிலும் ஆறு மாதம் கொடுத்தார்கள். மூன்றாம் மாதம் பார்த்தபோது இரண்டு குழுவிலும் சொல்லும்படி மாற்றம் இல்லை. ஆறாம் மாதம் இரண்டு குழுவிலும் முடி எண்ணிக்கை கூடியிருந்தது, இரண்டுக்கும் இடையே பெரிய வித்தியாசமில்லை. சிறிய ஆய்வுதான் என்பதை மனதில் வையுங்கள். ஆனால் மூன்று மாதத்தில் கைவிட்டவர் எதையும் பார்த்திருக்க மாட்டார் என்பது அதில் தெளிவாகத் தெரிகிறது.

மூன்றாவது புழுவெட்டு. காசு அளவுக்கு வட்டமாக, வழுவழுவென்று முடி போயிருக்கும். பெயரில் புழு இருக்கிறதே தவிர, புழுவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. உடம்பின் எதிர்ப்பு சக்தியே முடி வேரைத் தாக்குவதால் வருவது. இதற்குத்தான் வெங்காயச் சாறு. 2002இல் வந்த ஓர் ஆய்வில், புழுவெட்டு உள்ளவர்கள் நாளுக்கு இரண்டு வேளை இரண்டு மாதம் வெங்காயச் சாறு தடவினார்கள். 23 பேரில் 20 பேருக்கு முடி முளைத்தது. வெறும் தண்ணீர் தடவியவர்களில் சிலருக்குத்தான் முளைத்தது. புழுவெட்டு தானாகவே சரியாவதும் உண்டு, அதையும் சேர்த்தே யோசியுங்கள். பரம்பரை வழுக்கைக்கும் பிரசவ உதிர்வுக்கும் வெங்காயச் சாற்றைத் தலை முழுக்கப் பூசுவதற்கு இந்த ஆய்வில் ஆதாரம் கிடையாது. பூசுவதானால் வட்டத்தின் மேல் மட்டும் பஞ்சால் ஒற்றுங்கள், எரிந்தால் உடனே கழுவிவிடுங்கள்.

சரி, தைலத்துக்கு வருவோம். நான் காய்ச்சுவது கரிசலாங்கண்ணித் தைலம். கரிசலாங்கண்ணியையும் செம்பருத்தி இலையையும் எலி, சுண்டெலிகளில் சோதித்ததில் நல்ல பலன் தெரிந்திருக்கிறது. மனிதத் தலையில் அதே அளவுக்கு நிரூபணம் இல்லை. நான் ஏன் காய்ச்சுகிறேன் என்றால், தேங்காய் எண்ணெயே முடிக்குச் செய்யும் நன்மை உறுதியானது. அதிலுள்ள லாரிக் அமிலம் முடித்தண்டுக்குள் புகுந்து, கழுவும்போது புரதம் வெளியேறுவதைக் குறைக்கிறது. சூரியகாந்தி எண்ணெயும் மினரல் எண்ணெயும் இதைச் செய்வதில்லை. முறிந்து கொட்டும் முடிக்கு இது பெரிய உதவி.

அரை லிட்டர் தேங்காய் எண்ணெய்க்கு இரண்டு கைப்பிடி கரிசலாங்கண்ணி இலை, ஒரு கைப்பிடி செம்பருத்தி இலை. இலைகளை அலசி, துணியில் ஒற்றி, நிழலில் ஒரு நாள் வாட விடுங்கள். தண்ணீர் ஊற்றாமல் ஒன்றிரண்டாக இடித்து, அடி கனமான பாத்திரத்தில் எண்ணெயோடு சேர்த்து, இருப்பதிலேயே சிறிய தீயில் வையுங்கள். இலையில் இருக்கும் ஈரம் வெளியேறும்போது நுரை கட்டும், சடசடவென்று சத்தம் வரும். கிளறிக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் அடிப்பிடிக்கும்.

எப்போது இறக்குவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சத்தம் அடங்கி, நுரை தணிந்ததும், கரண்டியில் கொஞ்சம் கசடை எடுத்து ஆறவிட்டு விரல்களுக்கிடையே உருட்டுங்கள். சேறு போல் விரலில் ஒட்டினால் ஈரம் மிச்சம் இருக்கிறது. மெழுகு போல் திரிந்து வந்தால் அதுதான் மெழுகு பதம், அடுப்பை அணைத்துவிடலாம். மணல் மணலாக உதிர்ந்தால் கொஞ்சம் தாண்டிவிட்டது, ஆனாலும் பயன்படுத்தலாம். சந்தேகமாக இருந்தால் அந்தக் கசடைத் தீயில் காட்டுங்கள். படபடவென்று வெடிக்காமல் எரிந்தால் ஈரம் இல்லை. இந்தச் சோதனையைத் தவிர்க்க வேண்டாம். ஈரம் தங்கிய தைலத்தில் பூஞ்சை பிடிக்கும். கருகவிட்டாலோ எண்ணெயே கெட்டுப்போகும்.

நன்றாக ஆறியதும் துணியில் வடிகட்டி, ஈரமே இல்லாத கண்ணாடிப் புட்டியில் ஊற்றி, வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள். காறல் வாடை வந்துவிட்டால் கொட்டிவிட வேண்டியதுதான். நெல்லிக்காயை இதில் போடலாமா என்று கேட்பார்கள். போடலாம், ஆனால் அதன் வைட்டமின் சி எண்ணெயில் கரையாது. நெல்லிக்காயைத் தின்பதே மேல், இரும்புச் சத்தை உடம்பு ஏற்க அது உதவும்.

ரோஸ்மேரியைக் காய்ச்ச வேண்டாம். செறிவான எண்ணெயாக வருவதால் சூட்டில் ஆவியாகிப் போய்விடும். 30 மில்லி ஆறிய தைலத்தில் ஆறு சொட்டு கலந்தால் ஏறக்குறைய 1 சதவீதம், அங்கிருந்து தொடங்குங்கள். பன்னிரண்டு சொட்டுக்கு மேல் போக வேண்டாம். கலக்காமல் நேராகத் தலையில் வைத்தால் தோல் சிவந்து எரியலாம். கர்ப்பிணிகளும் வலிப்பு நோய் உள்ளவர்களும் ரோஸ்மேரியைத் தவிர்ப்பது நல்லது. எந்த மூலிகையானாலும் முதலில் முழங்கையின் உட்பக்கம் கொஞ்சம் தடவி, இரண்டு நாள் அரிப்போ தடிப்போ வருகிறதா என்று பாருங்கள்.

தலை முழுக்க எண்ணெய் வழிய வழிய வைப்பதில் பயனில்லை. வகிடு பிரித்து, விரல் நுனியால் தோலில் மட்டும் தொட்டுத் தடவி, நகம் படாமல் சுழற்றித் தேய்த்தால் போதும். முடி முறிபவர்கள் நுனிப் பகுதிக்கும் கொஞ்சம் தடவலாம். கரிசலாங்கண்ணித் தைலம் என்றால் குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு, வாரம் இரண்டு தடவை. ரோஸ்மேரி கலந்ததை உச்சியிலும் வகிட்டிலும் மட்டும், அளவாக, விடாமல் தொடர வேண்டும். பொடுகு அதிகம் உள்ளவர்கள் எண்ணெயைக் கொஞ்ச காலம் நிறுத்திவிடுங்கள். பொடுகோடு தொடர்புடைய பூஞ்சை எண்ணெயைத் தின்றுதான் பெருகுகிறது. முதலில் பொடுகைச் சரிசெய்துகொண்டு அப்புறம் வாருங்கள்.

வெந்தயத்தை நான் முறிவுக்கு மட்டும் சொல்வேன். இரவு ஊறவைத்து, மை போல அரைத்து, அரை மணி நேரம் வைத்து அலசினால் அதன் வழுவழுப்பு முடி மேல் படிந்து சிக்கு குறையும். சீப்பில் முறிவது அந்த அளவுக்குக் குறையும். செம்பருத்தி இலையை அரைத்துத் தேய்த்தாலும் இதேதான். கொண்டைக்கடலை, வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு வெந்தயமும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், கவனம். எலுமிச்சைச் சாற்றைத் தலையில் தேய்த்துவிட்டு வெயிலில் போவதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள், தோல் புண்ணாகிவிடும். தலையை இறுக்கி இழுத்துக் கட்டுபவர்கள், எந்தத் தைலத்துக்கும் முன்னால் அந்தக் கட்டைத் தளர்த்த வேண்டும்.

முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். அதனால் தினமும் கண்ணாடியில் தேடாதீர்கள், மனது சோர்ந்துபோகும். மாதம் ஒருமுறை ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், ஒரே வகிட்டோடு ஒரு படம் எடுத்து வையுங்கள். ஆறாம் மாதப் படத்தை முதல் படத்தோடு வைத்துப் பாருங்கள். மாற்றம் இல்லையென்றால் அந்த மூலிகை உங்களுக்கு உதவவில்லை, அவ்வளவுதான். அளவைக் கூட்டிப் பார்க்க வேண்டாம்.

ஆறு மாதம் காத்திருக்கவே கூடாத நிலைகளும் உண்டு. முடி போன இடத்தில் வேர்த்துளையே தெரியாமல் தோல் மினுமினுப்பது, எரிச்சல், வலி, சீழ், புருவமும் சேர்ந்து உதிர்வது, குழந்தைகளுக்குத் திட்டுத் திட்டாகப் போவது, இதில் ஒன்று இருந்தாலும் உடனே தோல் மருத்துவரைப் பாருங்கள். தழும்பாகிப் போன வேர்ப்பையில் எந்த மருந்தாலும் முடி திரும்ப முளைக்காது. தலை முழுக்கச் சீராக மெலிபவர்கள், முக்கியமாக மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு உள்ள பெண்கள், ரத்த அணு, ஃபெரிட்டின் (உடம்பில் இருக்கும் இரும்புச் சத்துச் சேமிப்பைக் காட்டுவது), தைராய்டு சோதனைகள் தேவையா என்று கேளுங்கள். முடிக்கென்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை எடுப்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், தைராய்டு முடிவுகளை அது மாற்றிக் காட்டும். போகிற அன்று தலைக்கு எண்ணெய் வைக்காமல் போங்கள், தோல் தெளிவாகத் தெரியும். என்னென்ன தடவினீர்கள், எத்தனை மாதமாக என்று ஒரு தாளில் எழுதி, அந்தப் படங்களையும் சேர்த்து எடுத்துப் போங்கள்.