ஸ்டாக்கில் இரண்டு லேயர்: வால்யூம் சமன் செய்யும்போது வரும் தவறுகள்

சிந்தசைசரில் ஒரு லேயரில் (ஒலி அடுக்கில்) மெல்ல எழுந்து நீளும் பேட் ஒலி, அதன்மேல் இன்னொரு லேயரில் தந்தியைச் சுண்டியது போன்ற ப்ளக் ஒலி. தனித்தனியாக வாசித்தால் இரண்டும் பிரமாதமாக இருக்கும். இரண்டையும் ஒருசேர ஒலிக்கவைக்கும் ஸ்டாக் பட்டனை அழுத்தியதும் ஒன்று மற்றொன்றை விழுங்கிவிடும். உடனே கை போவது வால்யூமுக்கு. பாதிச் சிக்கல் அங்கே இருக்காது. அங்கேயே இருந்தாலும் நாம் திருகுவது பெரும்பாலும் தவறான நாப் (குமிழ்).

இங்கே எடுத்துக்காட்டாக சீக்வென்ஷியல் ப்ராஃபெட் ரெவ்2-வை வைத்துக்கொள்வோம். 2017-இல் வந்த இந்தக் கருவியில் ஏ, பி என இரண்டு லேயர்கள் உண்டு. 1981-இல் வந்த ரோலண்ட் ஜூபிட்டர்-8-இல் இரண்டு ஒலிகளுக்கும் நடுவே ஒரே ஒரு பேலன்ஸ் கட்டுப்பாடு; இப்படியும் அப்படியும் நகர்த்தினால் வேலை முடிந்தது. ரெவ்2-வில் ஒவ்வொரு லேயருக்கும் உள்ள புரோகிராம் வால்யூமை வைத்துத்தான் இதைச் செய்ய வேண்டும். மதிப்பு 0 முதல் 127 வரை.

முதல் தவறு, அளவைக் குறைக்க ஒலியின் உள்பகுதியில் கைவைப்பது. ‘பேட் சத்தமாக இருக்கிறது’ என்று கட்-ஆஃபை (ஃபில்டர் ஒலியை வெட்டத் தொடங்கும் இடத்தை) இறக்கினால் சத்தம் குறையும்தான், கூடவே பேட் மந்தமாகிவிடும். பிறகு அது பின்னால் போய்விட்டதாகத் தோன்ற, மறுபடி ஏற்றுவோம். மினிமூக் போல ஒவ்வொரு ஆசிலேட்டருக்கும் (மூல அலையை உருவாக்கும் பகுதிக்கும்) மிக்சரில் தனி லெவல் உள்ள கருவிகளில் வேறு ஒரு வில்லங்கம்: அங்கே ஆசிலேட்டர் லெவல்தான் ஃபில்டருக்குள் ஒலியை எவ்வளவு பலமாகத் தள்ளுகிறோம் என்பதையும் தீர்மானிக்கிறது. அதை இறக்கினால் அந்த லேசான கரகரப்பும் போய், ஒலி மெலிந்துவிடும். ரெசனன்ஸை (கட்-ஆஃப் அருகே உள்ள அதிர்வெண்களைத் தூக்கிக்காட்டும் அமைப்பை) ஏற்றுவதிலும் கவனம் தேவை. மேல் அதிர்வெண்களை வெட்டும் பல லோ-பாஸ் ஃபில்டர்களில் ரெசனன்ஸ் ஏற ஏற பேஸ் குறையும். ஆகவே ஒலியின் குணத்தை முதலில் முடித்துவிட்டு, கடைசியாக உள்ள புரோகிராம் வால்யூமில் மட்டும் அளவைத் தொடுங்கள்.

இரண்டாவது, குறைவாகக் கேட்பதை ஏற்றிக்கொண்டே போவது. பேட்டை ஏற்றினால் ப்ளக் அமுங்கும், ப்ளக்கை ஏற்றினால் பேட். இரண்டும் 127-இல் போய் நிற்கும், அதற்குமேல் நகர இடமிருக்காது. ஒரே அளவுள்ள, ஆனால் ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு ஒலிகள் சேர்ந்தால் மொத்தம் சுமார் 3 டெசிபல் கூடும். அச்சு அசல் ஒரே அலையாக, ஒரே ஃபேஸில் (ஏற்ற இறக்கம் ஒன்றாகப் பொருந்தி) சேர்ந்தால் 6 டெசிபல். ஸ்டாக்கை அழுத்தியதும் ஆடியோ இன்டர்ஃபேஸில் (ஒலியைக் கணினிக்குள் கொண்டுசெல்லும் கருவியில்) சிவப்பு விளக்கு எரிவது இதனால்தான். இப்படிச் செய்து பாருங்கள்: பி லேயரை 0-வில் வையுங்கள். ஏ லேயரை 100-இல் வைத்து, உங்கள் கையில் வரும் மிகப் பெரிய கார்டை அழுத்தமாக வாசித்து, இன்டர்ஃபேஸின் உள்ளீட்டை உச்சம் −12 டெசிபலைத் தொடும்படி அமையுங்கள். பிறகு பி-யை மெல்ல ஏற்றி, அது தனியாகக் காதில் விழும் இடத்தில் நிறுத்தி, கொஞ்சம் பின்வாங்குங்கள். இரண்டும் ஒரே அளவில் கேட்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. எது முன்னால் நிற்க வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டால் பாதி நேரம் மிச்சம்.

அப்படியும் ஒட்டவில்லை என்றால் சண்டை அலைவரிசையில் இருக்கிறது. இரண்டு லேயரிலும் சப் ஆசிலேட்டர் (ஓர் ஆக்டேவ் கீழே ஒலிக்கும் துணை அலை) திறந்திருந்தால் கீழ்ப்பகுதி சேறாகும், ஒன்றில் மூடுங்கள். ப்ளக்கை ஓர் ஆக்டேவ் மேலே தூக்கினாலே வால்யூமைத் தொடாமல் அது தெளிந்துவிடும். ரெவ்2-வில் லேயருக்கு ஓர் எஃபெக்ட் உண்டு, அந்தப் பட்டியலில் கீழ் அதிர்வெண்களை வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டரும் இருக்கிறது. மேலடுக்குக்கு ரிவெர்பைப் போடும் இடத்தில் அதைப் போட்டுப் பார்க்கலாம். பலர் எட்டிக்கூடப் பார்க்காத வசதி அது.

டீட்யூன், அதாவது இரண்டு லேயரின் சுருதியைச் சற்றே விலக்கி வைப்பது, வேறு வகையில் ஏமாற்றும். 440 ஹெர்ட்ஸ் ஸ்வரத்தில் 4 சென்ட் (அரை ஸ்வரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) வித்தியாசம் என்றால் ஒலியின் அளவு ஏறக்குறைய வினாடிக்கு ஒருமுறை மேலும் கீழும் ஊசலாடும். இரண்டு லேயரின் அடிப்படை அலையும் சம அளவில் இருந்தால், ஊசலின் அடியில் அது முற்றாக ரத்தாகிப்போகும். ஒன்றை 6 டெசிபல் குறைத்தால் ஏற்ற இறக்கம் சுமார் 9.5 டெசிபலாகச் சுருங்கும். 12 குறைத்தால் 4.5-க்கும் கீழே. அகலமான ஒலி வேண்டும், ஆனால் வால்யூம் மூச்சு வாங்குவது போல் ஆடக்கூடாது என்றால், இரண்டாவது லேயரைக் கணிசமாகக் கீழே வையுங்கள். ஒரு விநாடி மட்டும் கேட்டு அளவை முடிவு செய்யாதீர்கள். ஊசலின் உச்சியில் கேட்டீர்களா, அடியில் கேட்டீர்களா என்று தெரியாது.

வெலாசிட்டியை, அதாவது கட்டையை அடிக்கும் வேகத்துக்கு ஏற்ப ஒலி மாறுவதை, பலர் மறந்தே போகிறார்கள். ப்ளக்கில் வெலாசிட்டி முழுதாக, பேட்டில் பூஜ்யம் என்றால், மென்மையாக வாசிக்கும்போது பேட்தான் கேட்கும், ஓங்கி அடித்தால் ப்ளக் மேலோங்கும். அந்த விளைவே வேண்டுமென்றால் நல்லது. இல்லையேல் பேட்டிலும் கொஞ்சம் வெலாசிட்டி சேருங்கள். ஒலி எழுந்து அடங்கும் விதத்தை அமைக்கும் என்வலப்பும் அப்படித்தான். பேட்டின் அட்டாக் (உச்சத்தை எட்டும் நேரம்) 600 மில்லிவினாடி இருக்க, பாட்டு வேகமான ஸ்டக்காட்டோ (வெட்டி வெட்டி வாசிப்பது) என்றால், எவ்வளவு ஏற்றினாலும் பேட் வந்து சேராது. அழுத்திப் பிடித்த ஒரே கார்டில் அளவைப் பார்ப்பது வீண். பாட்டில் வரும் அதே பகுதியை, அதே வேகத்தில், கீழ், நடு, மேல் என மூன்று ஆக்டேவிலும் வாசியுங்கள். கீபோர்டு ட்ராக்கிங் (ஸ்வரம் மேலே போகப்போக ஃபில்டரும் திறப்பது) ஒரு லேயரில் அதிகமாகவும் மற்றதில் இல்லாமலும் இருந்தால் நடுவில் சரியாக இருந்த அளவு மேலே போனதும் குலைந்துவிடும்.

ரிலீஸ் வால் (கட்டையை விட்டபின் நீளும் ஒலி) பட்டென்று அறுந்து, ஒரு லேயர் ‘சத்தம் குறைகிறது’ என்று தோன்றினால் வால்யூமைக் குறை சொல்லாதீர்கள். ஸ்டாக்கில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் இரண்டு வாய்ஸ் (தனிக்குரல்) செலவாவதால், 16 வாய்ஸ் ரெவ்2 ஒரே நேரத்தில் 8 ஸ்வரம்தான் தரும். 8 வாய்ஸ் மாடல் வெறும் 4. நீண்ட ரிலீஸை வெட்டுங்கள்.

கேட்கும் சூழலும் முக்கியம். மெதுவாக வைத்துக் கேட்டால் காது பேஸைக் குறைத்தே எடுத்துக்கொள்ளும், அதனால் பேஸ் லேயரை அளவுக்கு மீறி ஏற்றிவிடுவோம்; மேடையில் சத்தமாகப் போனதும் அது மட்டும் உறுமும். மேடை ஸ்பீக்கர்கள் பல இடங்களில் மோனோ (இடது, வலது பிரிவின்றி ஒரே ஒலி). ஒரு லேயரைக் கோரஸ் போட்டு அகலமாக்கியிருந்தால், மோனோவில் அது மெலியலாம். ஒருமுறை மோனோவாக மாற்றிக் கேட்டுவிடுங்கள். ஒலிப்பதிவில் சந்தேகம் இருந்தால், ரெவ்2-வின் அவுட்புட் பி-யில் கேபிளைச் செருகி, இரண்டு லேயரையும் தனித்தனி ட்ராக்கில் எடுத்து, அளவைப் பிறகு முடிவு செய்யலாம்.

இறுதியாக, முட்டாள்தனமாகத் தோன்றினாலும் அடிக்கடி நடப்பது: எடிட் லேயர் பி விளக்கு எரிகிறதா என்று பார்க்காமல் நாபைத் திருப்புவது. பி-யைக் குறைக்கிறேன் என்று ஏ-யைக் குறைத்துக்கொண்டிருப்பார்கள். நாப்கள் எப்படி வேலை செய்ய வேண்டும் என்று அமைக்கும் பாட் மோடு ஜம்ப்பில் இருந்தால், தொட்டவுடன் மதிப்பு நாப் நிற்கும் இடத்துக்குத் தாவி, சரியாக வைத்திருந்த அளவும் போய்விடும். சமன் செய்யும் வேலைக்கு ரிலேட்டிவ் (இருக்கும் மதிப்பிலிருந்தே கூட்டிக் குறைப்பது) அல்லது பாஸ் த்ரூவுக்கு (நாப் பழைய மதிப்பைக் கடந்த பிறகே மாற்றுவது) மாற்றிக்கொள்ளுங்கள். முடிந்ததும் புரோகிராமைச் சேமியுங்கள். வேறு புரோகிராமுக்குத் தாவினால் சேமிக்காத மாற்றம் போய்விடும்.